விடுபட்ட ஆறு மாதம்

அத்தியாயம் 17

வேலுசாமியை நாம் கடைசியாகப் பார்த்தது தீபாவளி அன்று சாயங்காலம். கையில் கம்பி மத்தாப்பு, எதிரே பக்கத்து வீட்டுக்காரர். "டிசம்பர்ல எம்புள்ள அமெரிக்காவுக்கு இன்டர்வியூ போகுதுங்க" என்று நான்காவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மத்தாப்பு தீர்ந்து விரலைச் சுட்டதுகூட மனுஷனுக்கு உறைக்கவில்லை.

அந்தப் பெருமை முழுசாக மூன்று நாள் நீடித்தது. திங்கட்கிழமை காலை பதினொன்றரை மணிக்குத் தபால்காரர் வந்தார்.

குன்னூரை ஒட்டிய வண்டிச்சோலையில் மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. வீட்டு டெலிபோன் வெள்ளிக்கிழமையே செத்துப்போயிருந்தது. மகள் காயத்ரி கோத்தகிரியில் ஒரு ஆஸ்பத்திரியில் டூட்டி டாக்டர். லீவு அன்றோடு முடிகிறது, சாயங்காலம் பஸ் ஏற வேண்டும் என்று பையை அடுக்கிக்கொண்டிருந்தாள். மிச்சமிருந்த முறுக்கை அம்மா சுசீலா பைக்குள் திணிப்பதும், மகள் அதை எடுத்து வெளியே வைப்பதுமாக ஒரு மௌன யுத்தம் நடந்துகொண்டிருந்தது.

"காலேஜ்லருந்து வந்திருக்குது அம்முணி" என்று பழுப்புக் கவரை நீட்டினார் வேலுசாமி. மூலையில் டீன் ஆபீஸ் முத்திரை. அதைப் பார்த்ததிலிருந்து கவரை இரண்டு தடவை புரட்டிப் பார்த்திருந்தார். ஆனாலும் பயப்பட ஒன்றுமில்லை என்றுதான் நினைத்தார்.

ஏன் அப்படிப் புரட்டினார் என்பது வாராவாரம் கூடவே வருகிறவர்களுக்குத் தெரியும். நடுவில் வந்து உட்கார்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

வேலுசாமி இருபத்தாறு வருஷம் டீ மேக்கர். பச்சை இலை உள்ளே வந்து தூளாக வெளியே போகிற வரைக்கும் ஃபேக்டரியில் அவர் வைத்ததுதான் சட்டம். டீ விலை பாதாளத்துக்குப் போனபோது அந்த ஃபேக்டரியைப் பூட்டினார்கள். பூட்டிய மறுநாள் படுத்தவர் ஆறு மாதம் எழுந்திருக்கவில்லை. சாப்பிட மாட்டார், பேச மாட்டார், சுவரைப் பார்த்துக்கொண்டு கிடப்பார். அப்போது காயத்ரி எம்.பி.பி.எஸ். கடைசி வருஷம். கல்லூரிக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்து, அப்பாவை ஊட்டிக்குக் கூட்டிப்போய் டாக்டரிடம் காட்டி, வேளாவேளைக்கு மாத்திரை கொடுத்து, எழுப்பி நடக்க வைத்துவிட்டுத்தான் திரும்பிப் போனாள். கூடப் படித்தவர்கள் பரீட்சை எழுதிப் போய்விட்டார்கள். இவள் ஆறு மாதம் கழித்து எழுதினாள்.

சொந்தபந்தத்துக்கெல்லாம் 'நெஞ்சுவலி' என்று சொல்லப்பட்டது. மூன்று வருஷமாகியும் அதுதான் சொல்லப்படுகிறது.

இப்போது காயத்ரி அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் ரெசிடென்சி என்ற மேல்பயிற்சிக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாள். மனநல மருத்துவம். ஒஹையோவில் ஒரு ஆஸ்பத்திரி டிசம்பர் இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டும் விட்டது. படிப்பையும் வேலுசாமி உறவுக்காரர்களிடம் 'மூளை டாக்டருக்கு' என்றுதான் சொல்லி வைத்திருக்கிறார். அந்த விண்ணப்பத்துக்குப் படித்த கல்லூரியின் டீன் ஒரு கடிதம் அனுப்ப வேண்டும். டீன்ஸ் லெட்டர் என்று பெயர். அதற்கான விவரங்களையெல்லாம் காயத்ரி டைப் அடித்துக்கொடுக்க, ஆகஸ்டில் வேலுசாமிதான் அதை எடுத்துக்கொண்டு கீழே போனார். மலையில் இருப்பவர்களுக்குச் சமவெளி எல்லாமே 'கீழே'தான். பஸ்ஸில் அதைப் பிரித்துப் படித்தார். கல்லூரியில் டீன் ஆபீஸ் சூப்பிரண்டு கருணாகரனைத் தனியாகக் கூப்பிட்டு, மகள் ஆறு மாதம் லீவில் இருந்த பத்தியை மட்டும் எடுத்துவிடச் சொன்னார்.

சேர்க்கை நாளிலிருந்து பழகிய மனுஷர் கருணாகரன். எடுத்துவிட்டு, அந்த இடத்தில் 'இடைவெளி இல்லை' என்ற வழக்கமான வரியைப் போட்டுவிட்டார். டீன் டாக்டர் லோயிஸ் அன்று பதினொரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டார், அதில் இதுவும் ஒன்று. கவர் ஒட்டி, முத்திரை வைத்து, அமெரிக்காவுக்குப் போயும் சேர்ந்துவிட்டது.

இதைப் பற்றி வேலுசாமி சுசீலாவிடம்கூட மூச்சுவிடவில்லை.

* * *

"எனக்கு ஒரு காப்பி இப்பத்தான் போட்டிருக்காங்கம்மா" என்று காயத்ரி கவரைப் பிரித்தாள். மூன்று பக்கம். முதல் பக்கத்தை நின்றுகொண்டே படித்தாள். முகம் மலர்ந்தது.

"என்னன்னு எழுதியிருக்குதாமா? எங்களுக்கும் சொல்லு" என்றாள் சுசீலா.

"மெடிசின் வார்டுல எப்படி இருந்தேன், சர்ஜரில எப்படி, பிரசவ வார்டுல எப்படின்னு தனித்தனியா போட்டிருக்காங்க. நோயாளிகிட்டப் பொறுமையாப் பேசுவாளாம். நூத்தி நாப்பது பேர்ல பதினோராவது இடம்."

"பதினொண்ணா? டீனம்மா மனசு வெச்சு ஒண்ணுன்னு போட்டிருந்தா என்ன கொறைஞ்சு போகுது?"

காயத்ரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இது சிபாரிசு இல்லீங்கம்மா. சிபாரிசுக் கடிதம் வேற, அதெல்லாம் வாத்தியாருங்க குடுத்தாச்சு. இது புகழ்ந்து எழுதறது இல்ல, எடை போட்டு எழுதறது. கூடப் படிச்ச எல்லாத்தோடயும் வெச்சுப் பாத்து இவ எந்த இடம்னு சொல்லணும். நடுவுல படிப்பு நின்னுச்சா, எதுக்கு நின்னுச்சுன்னும் சொல்லணும். நாம கையில தொடவே கூடாது, காலேஜ்தான் நேரா அனுப்பணும். நவம்பர் ஒண்ணாந்தேதி எல்லா ஆஸ்பத்திரிக்காரங்களும் ஒரே நாள்ல இதப் படிப்பாங்க."

"வர்ற சனிக்கெழமையா?"

"ஆமாங்கம்மா, வர்ற..."

வாக்கியம் அங்கேயே நின்றது. இரண்டாம் பக்கத்தில் அவள் விரல் ஒரு வரியின்மேல் இருந்தது. மறுபடி மேலேயிருந்து படித்தாள். மூன்றாம் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு மறுபடி இரண்டாம் பக்கத்துக்கு வந்தாள்.

வேலுசாமி ஜன்னல் பக்கம் திரும்பி மழையைப் பார்க்க ஆரம்பித்தார். பார்க்கிற அளவுக்கு அதில் ஒன்றுமில்லை.

"படிப்பில் இடைவெளி எதுவும் இல்லை, தடையில்லாமல் முடித்தார்னு போட்டிருக்குதுங்கப்பா."

"நல்லதுதானே அம்முணி" என்றார், திரும்பாமலே.

"நல்லதா? நான் ஒரு பத்தியே எழுதிக் குடுத்தேனுங்களே! நீங்கதானே கொண்டுபோய்க் குடுத்தீங்க?"

"குடுத்தேன், குடுத்தேன். டைப் அடிக்கறவங்க உட்டிருப்பாங்க. போனாப் போகுது உடு. இருந்துதுன்னாத்தானே ஏன், எதுக்குன்னு நோண்டுவாங்க? இல்லைன்னா ஒரு தொந்தரவும் இல்ல."

காயத்ரி கட்டிலில் உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்த விதத்திலேயே சுசீலா முறுக்கு டப்பாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"அப்பா, உங்ககிட்ட நான் ஒண்ணு சொல்லல" என்றாள் காயத்ரி. "விண்ணப்பத்தோட நானும் என்னப் பத்தி ஒரு பக்கம் எழுதி அனுப்பணும். எதுக்கு இந்தப் படிப்பு வேணும்னு. அதுல நான் அந்த ஆறு மாசத்தப் பத்தித்தான் எழுதியிருக்கறேன். உங்களப் பாத்துக்கிட்ட ஆறு மாசம். ஒஹையோக்காரரு இன்டர்வியூ குடுத்தாரே, எதுக்குக் குடுத்தாருன்னு நெனைக்கறீங்க? அதப் படிச்சுட்டுத்தான். 'அந்த ஆறு மாதத்தைப் பற்றி உங்களோடு நேரில் பேச வேண்டும்'னு மெயில் போட்டிருக்காரு."

வேலுசாமி திரும்பினார்.

"மார்க் ஷீட்டும் அங்க போயிருக்குது. அதுல நான் பரீட்சை எழுதுன மாசம் இருக்குது, கூடப் படிச்சவங்களுக்கு ஆறு மாசம் பின்னால. நான் ஒண்ணு சொல்றேன், மார்க் ஷீட்டும் அதையே சொல்லுது. டீன் மட்டும் அப்படி ஒண்ணு நடக்கவே இல்லைங்கறாங்க. சனிக்கெழமை அவரு மூணையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் படிப்பாரு. ஒண்ணு, நான் கதை கட்டியிருக்கணும். இல்ல, எங்க காலேஜ் பொய் சொல்லணும். ரெண்டுல எதுவா இருந்தாலும் என்னை எடுத்துக்குவாரா?"

இதை வேலுசாமிக்கு வேறு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. இருபத்தாறு வருஷம் அவர் டீத்தூள் ஏலத்துக்குச் சாம்பிள் அனுப்பியவர். அனுப்புகிற சாம்பிளில் தூளோடு கலந்த காம்பு நாரைப் பொறுக்கிவிட்டுத்தான் அனுப்புவார்கள், எல்லா ஃபேக்டரியிலும் அப்படித்தான். பஸ்ஸில் அந்தப் பத்தியைப் படித்தபோது அவர் கை அந்தப் பழக்கத்தில்தான் போனது. ஆனால் பொறுக்குவதற்கும் ஒரு அளவு உண்டு. சாம்பிள் வேறு, மூட்டையில் இருக்கும் சரக்கு வேறு என்று தெரிந்தால், வாங்குகிறவன் லாட் மொத்தத்தையும் திருப்பி அனுப்புவான். அடுத்த வாரம் ஏலப் பட்டியலில் அந்த ஃபேக்டரி பேரைப் பார்த்தாலே பக்கத்தைப் புரட்டிவிடுவான். இதெல்லாம் தெரிந்த மனுஷன், பெற்ற மகள் விஷயத்தில் போய் அதைச் செய்து வைத்திருக்கிறார்.

"டீன் ஆபீஸுக்குப் போன் பண்றேன்" என்று எழுந்தாள் காயத்ரி. "கருணாகரன் சார் இருப்பாரு. யாரு இதை எடுத்தாங்கன்னு கேக்கறேன்."

* * *

பஸ் ஸ்டாப்பை ஒட்டிச் சில்வஸ்டரின் எஸ்.டி.டி. பூத். வீட்டிலிருந்து நடந்தால் பத்து நிமிடம். ஒரே குடையில் அப்பாவும் மகளும் நடந்தார்கள்.

அந்தப் பத்து நிமிடத்தில் அவர் சொல்லியிருக்கலாம். 'நான்தான் அம்முணி' என்றால் முடிந்தது, இரண்டே வார்த்தை. எதிரே வந்த ஜீப்பைப் பார்த்ததும் "ஓரமா வா" என்றார். கொஞ்ச தூரம் போனதும் "பள்ளம், பாத்து" என்றார். அத்தோடு சரி. எனக்கே அந்த மனுஷன்மேல் கோபம் வருகிறது. ஆனால் நீங்களும் நானும் அந்தக் குடைக்குள் இருந்திருந்தால் என்ன செய்திருப்போமோ!

கண்ணாடிக் கூண்டுக்குள் ஒருவருக்குத்தான் இடம். காயத்ரி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வேலுசாமி வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார்.

"என்ன அண்ணாச்சி, அமெரிக்காவுக்கா போன்?" என்றார் சில்வஸ்டர்.

"இல்ல, கீழதான்."

உள்ளே அவள் பேசுவது கேட்கவில்லை, முகம் மட்டும் தெரிந்தது. முதலில் வேகமாகப் பேசினாள். அப்புறம் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒரு கட்டத்தில் மெதுவாகத் தலையைத் திருப்பிக் கண்ணாடி வழியே அப்பாவைப் பார்த்தாள். வேலுசாமி சட்டென்று குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்ய ஆரம்பித்தார். வார் ஒழுங்காகத்தான் இருந்தது.

நிமிர்ந்தபோது அவள் வேறு யாருடனோ பேசிக்கொண்டிருந்தாள். நேராக நின்று, "யெஸ் மேடம், யெஸ் மேடம்" என்று அவள் உதடு அசைவது தெரிந்தது. டீன்தான் என்று புரிந்துகொண்டார்.

வெளியே வந்தவள் சில்வஸ்டரிடம் பணத்தைக் கொடுத்தாள். குடையை விரித்தாள். "வாங்கப்பா, ஊட்டுக்குப் போலாம்" என்றாள்.

திட்டுவாள் என்று காத்துக்கொண்டே நடந்தார். பாதி தூரம் வரை ஒன்றுமில்லை. அவரே ஆரம்பிக்க வேண்டியதாயிற்று.

"உன் நல்லதுக்குத்தான் அம்முணி..."

"தெரியுதுங்கப்பா."

"எழுத்துல இருந்தா உன்னைக் கழிச்சுக் கட்டீருவாங்கன்னு..."

"சரிங்கப்பா. டீன் மேடம் என்ன சொன்னாங்கன்னு சொல்லட்டுமா?"

டீன் சொன்னது இதுதான். கடிதம் தப்பு என்றால் திருத்தி வேறு கடிதம் அனுப்பலாம். ஆனால் தான் கையெழுத்துப் போட்டதைத் தானே தப்பு என்று சொல்வதற்குக் காரணம் காட்ட வேண்டும். எடுக்கச் சொன்னது யார், எதற்காகச் சொன்னார், எடுத்தது யார் என்பதையெல்லாம் எடுக்கச் சொன்னவரே கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அன்றைய டாக்டர் சீட்டும் கூடவே வேண்டும். நாலு மணிக்குள் ஃபேக்ஸில் வந்தால்தான் உண்டு. மறுநாள் காலை டீன் வெளியூர் கிளம்புகிறார், ஒரு வாரம் இருக்க மாட்டார்.

"இத்தனையும் செஞ்சாலும் புதுசு கூரியர்ல போய்ச் சேர அஞ்சாறு நாள் ஆகும்" என்றாள் காயத்ரி. "சனிக்கெழமை அவங்க படிக்கப்போறது பழைய கடிதத்தத்தான். அதுக்கு யாரும் ஒண்ணும் பண்ண முடியாது."

"கருணாகரன் சாரு பேரையுமா எழுதோணும்?"

"அவருக்கு இன்னும் பதினாலு மாசந்தான் சர்வீஸ் இருக்குதாம். அதைச் சொல்லீட்டு, 'பரவால்லம்மா, நீ உன் வேலையப் பாரு'ங்கறாரு."

வேலுசாமி பள்ளத்தைப் பார்க்காமல் காலை வைத்துவிட்டார். மகள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடி அவருக்குத் தெரிந்த பிடி. ஆறு மாதம் குளியலறைக்கும் கட்டிலுக்கும் நடுவே பிடித்த அதே பிடி.

* * *

"டாக்டர் சீட்டா? கிழிச்சு அடுப்புல போட்டாச்சே!" என்றார் வேலுசாமி. மூன்று வருஷத்துக்கு முன்னால் அப்படிச் செய்யச் சொன்னது அவர்தான்.

சுசீலா பீரோவைத் திறந்தாள். கல்யாணப் பட்டுக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து மேஜைமேல் வைத்தாள். ஊட்டி டாக்டரின் சீட்டு, மாத்திரைச் சீட்டுகள், எல்லாம் தேதிவாரியாக இருந்தன.

"அப்பறம் எதை அடுப்புல போட்ட?"

"பழைய கரண்டு பில்லுங்க."

காயத்ரி ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் அவர் முன்னால் வைத்தாள். மணி இரண்டேகால். வேலுசாமிக்கு அழகான கையெழுத்து. 'பெருமதிப்பிற்குரிய டீன் அவர்களுக்கு' என்று ஆரம்பித்துக் கடகடவென்று எழுதினார். எழுதி முடித்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டு நீட்டினார்.

சுசீலாதான் வாங்கி வாய்விட்டுப் படித்தாள். "என் மகளின் எதிர்காலம் பாதிக்கப்படக் கூடாது என்ற நல்லெண்ணத்தில், உடல்நலக் குறைவாக இருந்த என்னைக் கவனிக்க அவள் எடுத்த விடுப்பைப் பற்றிய விவரத்தை..."

படிப்பதை நிறுத்தினாள்.

"நல்லெண்ணமுங்களா?"

"பின்ன என்னங்கறே?"

"ஏனுங்க, எங்க அண்ணன் உங்களப் பாக்க வந்தாரே, அவருகிட்டயும் நெஞ்சுவலின்னு சொன்னேன். நெஞ்சுவலிக்காரரு எதுக்குச் செவுத்தப் பாத்துப் படுத்திருக்காருன்னு கேட்டாரு. களைப்புன்னு சொன்னேன். கோயமுத்தூர் கல்யாணத்துல உங்க தங்கச்சி கேட்டப்பவும் சொன்னேன். மூணு வருஷமா என்னை வரிசையாப் பொய் சொல்ல வெச்சீங்க. இன்னைக்கு இந்தப் புள்ளையையும் பொய்க்காரி ஆக்கிப்போட்டு, நல்லெண்ணம்னு எழுதறீங்க?"

சுசீலா இவ்வளவு பேசி அந்த வீடு கேட்டதில்லை. பேசி முடித்ததும் அவளுக்கே பயமாகிவிட்டது. சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, டாக்டர் சீட்டுகளை எடுத்து, ஏற்கெனவே சரியாக இருந்ததை மறுபடி அடுக்கினாள்.

"உடுங்கம்மா" என்றாள் காயத்ரி. "இதுவே போதும். டீன் கேட்டது காரணம்தானே, ஒரு காரணம் இருக்குது. அப்பாவை ரொம்ப நோண்ட வேண்டாம். நான் போய் அனுப்பீட்டு வந்தர்றேன்."

அவள் குரலில் கோபமே இல்லை. நோயாளிகளிடம் பொறுமையாகப் பேசுவாள் என்று டீன் எழுதியிருந்தது இந்தக் குரலைத்தான். மகள் தன்னைத் திட்டவில்லை, தாங்கமாட்டார் என்று நினைத்து விட்டுக்கொடுக்கிறாள் என்பது வேலுசாமிக்கு அப்போதுதான் விளங்கியது. இவள் கண்ணுக்குத் தான் இன்னும் அந்தக் கட்டிலை விட்டு எழுந்திருக்கவே இல்லை. அது அவருக்கு அடி வாங்கியதைவிட வலித்தது.

"குடு அதை" என்றார்.

"மணி ஆகுதுங்கப்பா."

"குடுங்கறேன்ல!"

வாங்கி நாலாகக் கிழித்தார். புதுத் தாளை எடுத்தார். இந்தத் தடவை கை கடகடவென்று ஓடவில்லை. ஒவ்வொரு வரிக்கும் நின்றது. எழுதியது இதுதான்:

'என் மகள் எழுதிக் கொடுத்ததில் எனக்கு டிப்ரஷன் என்று இருந்தது. அந்த வார்த்தையை என் பெயருக்குப் பக்கத்தில் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. அதனால்தான் எடுக்கச் சொன்னேன். மகளுக்காகச் செய்தேன் என்று எல்லோரிடமும் சொன்னேன், என்னிடமும் சொல்லிக்கொண்டேன். அது உண்மை இல்லை. எனக்கு அந்த நோய் இருந்தது. அவள் ஆறு மாதம் படிப்பை விட்டுவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டாள். என் வற்புறுத்தலால் ஆபீஸில் ஒருவர் அதை எடுத்தார். அவர்மேல் தவறு இல்லை.'

கையெழுத்துப் போட்டார். தேதி போட்டார்.

காயத்ரி படித்தாள். இரண்டு தடவை படித்தாள். தாளை மடிக்காமலே பிளாஸ்டிக் கவருக்குள் வைத்தாள்.

"நானும் வர்றேன்" என்று வேலுசாமி எழுந்து செருப்பை மாட்டினார்.

* * *

மூன்று நாற்பதுக்குத் தாள் ஃபேக்ஸ் மெஷினுக்குள் போய் மறுபக்கம் வந்தது. டாக்டர் சீட்டு இரண்டு தடவை சிக்கியது. மூன்றாம் தடவை போனது. போய்ச் சேர்ந்த ரசீதைச் சில்வஸ்டர் கிழித்துக் கொடுத்தபோது மூன்று ஐம்பத்திரண்டு.

வேலுசாமிக்கு மனசு லேசானது. ஒஹையோக்காரர் சனிக்கிழமை என்ன நினைப்பாரோ, அது அவர் கையில் இல்லை. தன்னால் முடிந்ததைச் செய்தாயிற்று என்று நினைத்தார். மகளுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுக்கலாம் என்றுகூட நினைத்தார்.

"அஞ்சு நிமிஷம் இருங்கப்பா. வந்துதான்னு கேட்டுக்கறேன்" என்று காயத்ரி கூண்டுக்குள் போனாள். இந்தத் தடவை கதவைச் சாத்தவில்லை. கொஞ்ச நேரத்தில் ரிசீவரை வெளியே நீட்டினாள். "மேடம் உங்ககிட்டப் பேசணுமாம்."

"மிஸ்டர் வேலுசாமி, கடிதம் கிடைச்சுது" என்றார் டாக்டர் லோயிஸ். கண்டிப்பான குரல், ஆனால் கடுமை இல்லை. "நேர்மையா எழுதியிருக்கீங்க. புதுக் கடிதம் இன்னிக்கே கூரியர்ல போகும்."

"ரொம்ப நன்றிங்க மேடம். அந்த ஆபீஸ்காரரு விஷயம்..."

"ஒருவர்னு மட்டும் எழுதியிருக்கீங்க. பேரு எழுதலை."

"அவரு மேல தப்பு இல்லீங்க மேடம். நான்தான்..."

"எங்க ஃபேக்ஸ் மெஷின் கருணாகரன் மேஜைமேலதான் இருக்கு. உங்க கடிதம் முதல்ல அவர் கையிலதான் வந்தது. அவரே எடுத்துட்டு வந்து என் முன்னால வெச்சு, 'அந்த ஒருவர் நான்தான் மேடம்'னாரு. ஆகஸ்டுல போன ஒரு கடிதத்தை மாத்தியிருக்காங்கன்னா, மத்த பத்தையும் நான் இனிமே பார்க்கணும். பிள்ளைங்க வாழ்க்கை இது. விசாரணை முடியறவரை ஆபீஸ் பக்கம் வர வேண்டாம்னு சொல்லிட்டேன். எனக்கு வேற வழி இல்லை."

லைன் துண்டிக்கப்பட்டது. வேலுசாமி ரிசீவரைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"என்னங்கப்பா சொன்னாங்க?"

"அவரு ஊட்டு நம்பர் இருக்குதா?"

"யாரு வீட்டு நம்பர்?"

"கருணாகரன் சாரு."

காயத்ரி அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். டைரியைப் புரட்டி, அவளே எண்களை அழுத்திக் கொடுத்தாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை என்று வைக்கப் போகும்போது ஒரு பெண் குரல், ஓடி வந்த மூச்சோடு வந்தது.

"ஹலோ, யாருங்க?"

"நான்... குன்னூர்லருந்து வேலுசாமிங்க. சாரு இருக்காருங்களா?"

"அட, டாக்டர் பொண்ணோட அப்பாவா? நல்லா இருக்கீங்களா? பாப்பாவுக்கு இன்டர்வியூ வந்துடுச்சாமே! இவர் வந்து சொன்னார். தன் சொந்தப் பொண்ணுக்கே வந்த மாதிரி அப்படி ஒரு சந்தோஷம் அவருக்கு. இன்னும் ஆபீஸ்லேர்ந்து வரலைங்க. அஞ்சரை ஆகும். இன்னிக்கு எங்க மருமகன் வர்றார், சீக்கிரம் வாங்கன்னு சொல்லித்தான் அனுப்பினேன்."

வேலுசாமி ரிசீவரை மறு காதுக்கு மாற்றினார். சில்வஸ்டரின் மீட்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"ஹலோ? கேக்குதுங்களா? வந்ததும் பேசச் சொல்றேன். என்ன விஷயம்னு சொல்லட்டும்?"